டாக்டர், உள்ளே என்ன ஆச்சு?

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கப் போகிறவர்களுக்குப் பல் என்பது வெறும் சாப்பாட்டுச் சமாச்சாரம் இல்லை. கடலில் 10 மீட்டர் இறங்கினாலே, உடம்பின் மேல் விழும் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அடைத்த பல்லுக்கு அடியில் துளி காற்று தங்கியிருந்தால்கூட வலி உயிர் போகும்.

அப்படிப்பட்ட ஒருவர் மேல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்கிறார் என்று வையுங்கள். அந்தப் பல்லின் வேருக்கு மேலேதான் சைனஸ் அறை. பிடுங்கும்போது சில சமயம் இரண்டுக்கும் நடுவே துளை விழும். கைதேர்ந்த டாக்டருக்கும் இது நேரலாம். சின்னத் துளை தானாகவே மூடிக்கொள்ளும். பெரிதென்றால் தையல் போட வேண்டும். ஆறும்வரை மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது, கடலில் முங்கவே கூடாது. இதைச் சொல்லாமல் அனுப்பினால், அவர் மறுவாரமே தொழிலுக்குப் போய்விடுவாரே!

வேர் சிகிச்சையிலும் இதே கதைதான். முடிபோல மெல்லிய ஃபைல், வளைந்த வேருக்குள் ஒடிந்து நின்றுவிடுவது உண்டு. சிலதை எடுத்துவிடலாம். சிலதை உள்ளேயே வைத்து அடைத்து, அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துக் கவனிப்பார்கள். ஒடிந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் மறைப்பது தற்செயல் அல்ல, அது முடிவு.

சில தவறுகள் ஒரு வாயோடு நிற்பதில்லை. 2022-23-ல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்ற 10 பேரை, மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று பிடித்தது. 8 பேர் இறந்தார்கள். திறந்த சலைன் பாட்டிலை மறுபடி மறுபடி பயன்படுத்தியதை, 2025-ல் வெளியான ஆய்வு சுட்டிக்காட்டியது. இப்படி ஒன்று தெரியவந்தால், அங்கே போன மற்றவர்களுக்கும் உடனே சொல்ல வேண்டும். அப்போதுதான் காய்ச்சல் வந்ததுமே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள்.

‘சொன்னால் கேஸ் போடுவார்களே’ என்று டாக்டர்கள் பயப்படுவதும் புரிகிறது. கட்டணம் வாங்கிச் செய்யும் பல் சிகிச்சையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால், அன்றைக்கே சொன்னால் அது விளக்கம். நாளைக்கு வேறொரு டாக்டரின் எக்ஸ்ரேயில் தெரிந்தால் ஏமாற்று.

நாமும் நாற்காலியைவிட்டு எழும்முன் மூன்று கேள்வி கேட்போம்: நினைத்தபடி முடிந்ததா? உள்ளே எதுவும் நின்றுவிட்டதா? என் தொழிலுக்கு எப்போது திரும்பலாம்? எக்ஸ்ரேயையும் சிகிச்சைக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். தேசிய மனித உரிமை ஆணையத்தின் 2018 நோயாளிகள் சாசனமும் அதை உங்கள் உரிமை என்றே சொல்கிறது.