பரீட்சை வருகிறது, படிப்பு எங்கே?

எம்.ஆர்.சி.பி. என்ற நான்கு எழுத்துக்கு நம் சமுதாயத்தில் இருக்கும் மவுசு சாதாரணமானதல்ல. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் அது வந்துவிட்டால் போதும், மஹல்லாவே அவரை அண்ணாந்து பார்க்கிறது!

லண்டன், எடின்பரோ, கிளாஸ்கோ ஆகிய மூன்று நகரங்களின் ராயல் கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் தேர்வு இது. ஒரு காலத்தில் டாக்டர்கள் கடல் கடந்து போய் எழுதினார்கள். இன்று இரண்டு எழுத்துத் தேர்வுகளும், நோயாளியைப் பரிசோதித்துக் காட்டும் மூன்றாவது தேர்வும் இந்திய நகரங்களிலேயே நடக்கின்றன. வளைகுடாவிலும் நடக்கின்றன. நல்லதுதானே என்பீர்கள்.

தேர்வு தரமானதுதான், அதில் நமக்குத் தகராறு இல்லை. ஆனால் சகோதரர்களே, ராயல் கல்லூரி என்பது பையன் போய் உட்கார்ந்து பாடம் கேட்கும் கல்லூரி அல்ல. அது டாக்டர்களின் சங்கம். அது பரீட்சை வைக்கும், சான்றிதழ் தரும். வார்டில் மூன்று வருடம் நிற்க வைத்துக் கற்றுக்கொடுக்காது. அதைச் செய்வது எம்.டி. படிப்பு. பிரிட்டனிலேயே எம்.ஆர்.சி.பி. என்பது பாதி வழிதான். அதற்குப் பிறகு பல ஆண்டுப் பயிற்சி முடித்தால்தான் அங்கே ஒருவர் ஸ்பெஷலிஸ்ட் ஆகிறார். இங்கோ அதை மட்டும் காட்டி எம்.டி.க்கு இணை என்று உரிமை கோர முடியாது. பிரிட்டனில் பதிவு செய்துகொள்ள உதவும், வளைகுடாவில் வேலை தேடும்போது மதிப்பு உண்டு. ஆக, ஊரை விட்டுப் போகிறவருக்குத்தான் லாபம்.

விலையையும் பாருங்கள். வெளிநாட்டு மையத்தில் எழுதுகிறவருக்குக் கட்டணம் பிரிட்டனில் எழுதுகிறவரைவிட அதிகம். மூன்று பகுதிக்கும் சேர்த்து இரண்டு லட்ச ரூபாயைத் தாண்டும். கோச்சிங் செலவு தனி. தோற்றால் மறுபடியும் கட்ட வேண்டும். இவ்வளவு வாங்குகிறவர்கள் கணக்கையாவது ஒழுங்காகப் போட்டார்களா? 2023 செப்டம்பரில் நடந்த இரண்டாம் பகுதித் தேர்வில் 283 பேருக்குத் தவறான முடிவு அறிவித்தார்கள். தோற்ற 222 பேருக்கு 'பாஸ்'. ஜெயித்த 61 பேருக்கு 'பெயில்'. இந்தத் தவறு வெளியே வந்தது 2025 பிப்ரவரியில்! நம் பஜாரில் ஒரு கடைக்காரர் கல்லாக் கணக்கை ஒன்றரை வருடம் இப்படி வைத்திருந்தால் கடை இருக்குமா?

போகிற இடத்தின் நிலைமை என்ன? 2025ல் பிரிட்டனில் சுமார் 10,000 சிறப்புப் பயிற்சி இடங்களுக்கு 30,000க்கும் மேற்பட்ட டாக்டர்கள் மோதினார்கள். அந்த ஆண்டு ஜூலையில் வந்த பத்தாண்டு சுகாதாரத் திட்டத்தில், இனி தங்கள் நாட்டில் படித்தவர்களுக்கே முன்னுரிமை என்று அந்நாட்டு அரசு சொல்லிவிட்டது. அவர்கள் நாட்டு இடம், அவர்கள் முடிவு. குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, தெருவில் நுழைவுச்சீட்டு விற்பது என்ன நியாயம்?

இனி நம் ஊருக்கு வருவோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியிலேயே திறக்கப்பட்டிருந்தது. இருந்தும் என்ன? உயிருக்குப் போராடியவர்களைச் சேலத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஏற்றி அனுப்பினார்கள். கிழக்கே போகிறவர்களுக்கு வழி எலவனாசூர்கோட்டை நெடுஞ்சாலைதான். அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து, கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் பற்றி வழக்கு எடுத்தது. அந்த மலையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலானால், லண்டன் சான்றிதழ் இறங்கி வந்து மயக்க மருந்து கொடுக்குமா?

நீட் பி.ஜி.யில் இடம் கிடைக்காததால்தானே பிள்ளைகள் இந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று கேட்பீர்கள். உண்மை. ஆனால் 2023ல் மத்திய அரசு தகுதி வரம்பைப் பூஜ்ய பெர்சென்டைலுக்கு இறக்கியதை மறந்துவிட்டீர்களா? இடம் காலி, மதிப்பெண்ணும் தடையில்லை! அப்புறம் தடை எது? தனியார் கல்லூரியின் கட்டணம்தானே?

எனவே சண்டை போட வேண்டிய இடம் அரசுக் கல்லூரி. மாநில அரசுக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் பாதியை அகில இந்திய ஒதுக்கீடு என்று எடுத்துக்கொள்கிறார்கள். மீதிப் பாதியில்தான் 2007ல் நாம் போராடிப் பெற்ற 3.5 சதவீதம் செல்லுபடியாகும். அந்த மீதியிலும் ஒரு பாதி அரசுப் பணியில் உள்ள டாக்டர்களுக்கு. அந்த உரிமைக்காக அவர்கள் 2017ல் தெருவில் இறங்கினார்கள். 2020 ஆகஸ்ட் 31ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. அரசுப் பணியில் இருக்கிற டாக்டர்தான் படித்து முடித்துத் திரும்பி வந்து தாலுகா ஆஸ்பத்திரியில் உட்காருவார். லண்டன் பரீட்சையில் 3.5 உண்டா? அரசு டாக்டருக்கு ஒதுக்கீடு உண்டா? எதுவும் கிடையாது. பணம் உள்ளவன் எழுதுவான், பறப்பான்.

கடை வருமானத்தில் பிள்ளையை டாக்டராக்கிய வியாபாரிகளே! இரண்டு லட்சத்தைக் கட்டுவதற்கு முன் பிள்ளையிடம் கேளுங்கள்: இந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியில் ஸ்பெஷலிஸ்ட் நாற்காலியில் உட்கார முடியுமா?

இளைஞர்களே! கலெக்டருக்கும் எம்.எல்.ஏ.வுக்கும் ரோடு, தெருவிளக்கு என்று மனு எழுதும்போது, முதல் கோரிக்கையாக இதை எழுதுங்கள்: சிறுவங்கூர் கல்லூரியில் மயக்கவியல், மகப்பேறு, பொது மருத்துவம், குழந்தை நலம் ஆகிய துறைகளில் போதுமான முதுநிலை இடங்கள் வேண்டும். அவற்றில் மாநிலப் பங்கு ஒன்றுகூடக் குறையக் கூடாது.