பாக்கு நீரிணையும் அபிராமபுரமும்

மயிலாப்பூரையடுத்த அபிராமபுரத்தில், இந்தியா, இலங்கை, வங்காளதேசம், மாலத்தீவு ஆகிய நான்கு நாடுகளின் மீன்பிடித் தொழிலுக்கென ஓர் ஸ்தாபனம் இருப்பதை நம்மவரில் பலர் அறியார். 1979-ல் ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய ஸ்தாபனம் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டமே, 2003-ல் இந்நாடுகளின் சொந்த ஸ்தாபனமாயிற்று.

பாக்கு நீரிணையில் நம் மீனவர் சிறைப்படும்போதெல்லாம் டில்லிக்குக் கடிதம் பறக்கிறது, துன்பமோ தீர்ந்தபாடில்லை. நம் விசைப்படகுகளின் இழுவைமடி கடலடியை அழிக்கிறதென யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவர் முறையிடுவதும் நியாயமே. 2017-ல் இலங்கை அம்முறையைச் சட்டத்தால் தடுத்தது. இரு கரையாரின் வயிற்றுப்பாட்டையும் கடலின் வளத்தையும் சேர்த்துச் சீர்தூக்க இந்த ஸ்தாபனமே தக்க இடம். ஆலோசனை கூறுவதன்றி ஆணையிடும் அதிகாரம் அதற்கில்லை. ஆயினும், சிறைச்சாலையைவிட ஆலோசனை மண்டபம் மேலன்றோ? இரு சர்க்கார்களும் இவ்விஷயத்தை அங்கு வைக்க வேண்டுமென வற்புறுத்துகிறோம்.