கணக்கு வகுப்புக்குக் கொஞ்சம் கார்த்திகை

மதிப்பிற்குரிய திருவண்ணாமலை மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் கோரிக்கை ஒன்றே ஒன்று. இரண்டாம் பருவத்தில் சில நாள்கள் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அந்தந்த ஊரில் அந்தப் பருவத்தில் கைக்குக் கிடைப்பதைக் கொண்டு ஆசிரியர்கள் கணக்கு நடத்தலாம், அது முறையான பாடவேளையாகவே சேரும் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

ஆடிப் பட்டத்தில் விதைத்த மல்லாட்டை (நிலக்கடலை) ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்து வாசல்களில் காயும். நான்காம் வகுப்புப் பிள்ளைகளை ஆளுக்கு இரண்டு கை கொண்டுவரச் சொன்னால் ஒரு கூடை சேர்ந்துவிடும். ஒற்றைப் பருப்பு, இரட்டைப் பருப்பு, மூன்று பருப்பு என்று பிரித்துத் தரையில் மூன்று வரிசையாக அடுக்கினால், புத்தகத்தில் 'தகவல் செயலாக்கம்' என்று வருவது கண்ணெதிரே கிடக்கும். பிறகு ஒரு கிலோ காயை நிறுத்து உடைக்க வேண்டும். பருப்பு 700 கிராம் சுமாருக்குத் தேறும், மீதி தோல். தோலையும் நிறுத்துக் கூட்டினால் ஒரு கிலோ வரவேண்டும், வராது. குறைந்த கிராம் யார் வாயில் போனது என்ற விசாரணையில் கழித்தல் தானாக நடந்துவிடும். பத்தில் ஏழு என்ற பின்னத்தைக் கரும்பலகையில் வட்டம் வரைந்து சொல்லிக்கொடுத்தால் மறுநாள் மறந்துபோகிற பிள்ளை, 40 கிலோ காயை உடைத்தால் எவ்வளவு பருப்பு என்று கேட்டால் 28 என்று சொல்லிவிடும். அந்த வீட்டில் அதுதானே பேச்சு!

கார்த்திகைத் தீபத்துக்கு வருகிறேன். பழைய காலண்டர்களைச் சேர்த்துவைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. மகா தீபம் 2022இல் டிசம்பர் 6, 2023இல் நவம்பர் 26, 2024இல் டிசம்பர் 13, 2025இல் டிசம்பர் 3. ஒரு தீபத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் எத்தனை நாள் என்று ஐந்தாம் வகுப்பை எண்ணச் சொல்லுங்கள். 355, 383, 355 என்று வரும். 2024 பிப்ரவரிக்கு 29 நாள் என்பதை மறந்த குழுவுக்கு ஒன்று குறையும், அதை அடுத்த குழு கண்டுபிடித்துச் சண்டைக்கு வரும். ஏன் சமமாக வரவில்லை என்று யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். தீபம் கார்த்திகை மாதத்துக் கிருத்திகை நட்சத்திரத்தில் வருவது. ஒரு நட்சத்திரத்திலிருந்து கிளம்பும் நிலா அதே நட்சத்திரத்துக்குத் திரும்ப 27 நாளுக்குச் சற்று மேல் ஆகிறது. பதின்மூன்று சுற்று என்றால் 355 நாள், பதினான்கு என்றால் 383. இதற்குக் கோளரங்கம் தேவையில்லை, நான்கு காலண்டர் போதும்.

மூன்றாம் வகுப்புக்கு அகல் விளக்கு. டானிக் பாட்டில் மூடியில் 5 மில்லி, 10 மில்லி என்று கோடு இருக்கும். ஓர் அகலுக்கு எத்தனை மூடி, ஒரு லிட்டர் எத்தனை அகலுக்கு வரும்? எண்ணெய் விற்கிற விலைக்குத் தண்ணீரே போதும், நெருப்பும் வேண்டாம்.

பள்ளியில் பக்தியைப் புகுத்துவதாகிவிடுமோ என்ற தயக்கம் உங்களுக்கு வரலாம். வழிபாடு எதையும் நான் கேட்கவில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் சிறப்புப் பேருந்தும் பௌர்ணமிக் கூட்டமும் எல்லா மதத்துப் பிள்ளைகளின் வீட்டு வாசலிலும்தான் நடக்கின்றன.

கோயிலே வேண்டாமென்றால் வெயில் இருக்கிறது. ஆகஸ்ட் 20ஐ ஒட்டி, பகல் பன்னிரண்டே கால் சுமாருக்கு நம் ஊரில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நிமிர்ந்து நிற்கும் கம்புக்கு நிழல் இருக்காது. அதே ஒரு மீட்டர் கம்புக்கு டிசம்பர் மூன்றாம் வாரத்து நண்பகலில் 72 சென்டிமீட்டர் அளவுக்கு நிழல் விழும். நடுவில் வாரம் ஒரு நாள் அளந்து சுவரில் கோடு போட்டுக்கொண்டே வந்தால் அரையாண்டில் ஒரு வரைபடம் தயார்.

மழையும் இருக்கிறது. நேரான பக்கங்களுள்ள பாட்டிலின் தலையை வெட்டி அதையே புனலாகக் கவிழ்த்து வைத்தால் மழைமானி. பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால், அது மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூஜ்யம் குறிக்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். மில்லிமீட்டரில் மழையைப் படிப்பது இந்த ஊரில் வெறும் பாடமும் அல்ல. 2024 டிசம்பர் 1ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மலை சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் சிறுவர் சிறுமியர்.

இதெல்லாம் புதிதல்ல என்பீர்கள். உண்மைதான். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்க வந்தது. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்ப நடத்தும் அதன் எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் முன்னதன் அட்டையானாலும் பின்னதன் பயிற்சித் தாளானாலும் குமரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் ஒன்றுதான். மல்லாட்டை எப்போது காயும் என்று அச்சகத்துக்கு எப்படித் தெரியும்? ஜவ்வாது மலைப் பள்ளியில் சாமையையும் பலாவையும் வைத்து நடத்த வேண்டியதை வந்தவாசிப் பள்ளி நெல்லை வைத்துத்தான் நடத்த முடியும். அந்த இடத்தை நிரப்பக்கூடியவர் வகுப்பில் நிற்கும் ஆசிரியர் மட்டுமே. ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பார்க்கும் பள்ளிக்கு இது வசதியும்கூட: ஒரே மல்லாட்டைக் குவியலில் ஒன்றாம் வகுப்பு எண்ணும், ஐந்தாம் வகுப்பு பின்னம் போடும்.

ஆகவே இதை உத்தரவாக்காமல் அனுமதியாகத் தாருங்கள். யார் செய்ய விரும்புகிறாரோ அவர் செய்யட்டும். பாடக்குறிப்பில் ஒரு வரி எழுதினால் போதுமென்று இருக்கட்டும். செய்தவர்கள் குறுவள மையக் கூட்டத்தில் அரைமணி நேரம் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். பார்வைக்கு வருகிறவர் தரையில் தோல் கிடப்பதைக் குற்றமாக எழுதாமல் இருக்கட்டும். சுற்றறிக்கை அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால், 'புகைப்படம் எடுத்து அன்றே பதிவேற்ற வேண்டும்' என்ற வரியை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இடைநிலை ஆசிரியை,
திருவண்ணாமலை