நோன்பாளி வரமுடியாத ரமலான் மாலை

போன ரமலானில் எங்கள் அடுக்ககத்து மொட்டைமாடியில் ‘அரேபிய இசையும் கதையும்’ என்று ஒரு மாலை நடத்தினார்கள். காளிகாட் மெட்ரோவில் இறங்கி லேக் மார்க்கெட் பக்கம் நடந்தால் வரும் பழைய கட்டடம் எங்களுடையது. தெர்மாகோலில் ஒரு ஒட்டகம், தட்டுத் தட்டாகப் பேரீச்சம்பழம், ஒலிபெருக்கியில் ஊத் வாத்தியம். கதை சொல்ல ஓர் இளைஞரைக் காசு கொடுத்து வரவழைத்திருந்தார்கள். தொடக்கம் மாலை ஐந்தரை.

மார்ச்சில் கொல்கத்தாவில் ஆறு மணிக்குள் சூரியன் விழுந்துவிடும். விடியலுக்கு முன்பிருந்து தண்ணீர்கூடப் படாத நாக்கு அந்த நிமிஷத்துக்காகக் காத்திருக்கும். கதை சூடுபிடித்த நேரத்தில் நான் கீழே எட்டிப் பார்த்தேன். எங்கள் காவல்காரர் கேட்டருகே நாற்காலி அடுக்குக்குப் பின்னால் செய்தித்தாளை விரித்து, பொரியும் கொண்டைக்கடலையும் இரண்டு பேகுனியும் வைத்துக்கொண்டு தனியாக நோன்பு திறந்துகொண்டிருந்தார். அந்த மாலையில் எங்கள் கட்டடத்தில் நோன்பிருந்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அவரை யாரும் மாடிக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அந்த நேரத்தில் எப்படி வருவார்?

இப்படி ஒரு மாலை வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. கட்டாயம் வேண்டும். இந்த ஊரில் ரமலான் என்றால் பலருக்கு ஜகாரியா தெரு ஹலீமும் கபாபும்தான். நாகோதா மசூதி வாசலில் ஆளுக்கொரு கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தின்னப் போகிற கூட்டத்தில் நானும் போயிருக்கிறேன். ஒரு மாதம் முழுவதையும் நாக்கு எடுத்துக்கொண்டது போதும், காதுக்கும் கொஞ்சம் கொடுக்கலாம் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. என் சண்டை கடிகாரத்தோடும் அந்த ஒட்டகத்தோடும்தான்.

அந்த இளைஞர் சொன்ன கதை அலிபாபா. எனக்கு எம்ஜிஆரும் பானுமதியும் கண்முன் வந்துவிட்டார்கள். 1956இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். நல்ல கதைதான். ஆனால் அலிபாபாவும் அலாவுதீனும் ‘ஆயிரத்தொரு இரவுகள்’ நூலின் பழைய அரபுச் சுவடிகளில் இல்லாதவை. அலெப்போவிலிருந்து பாரிசுக்குப் போன ஹன்னா தியாப் என்பவர் 1709இல் வாய்மொழியாகச் சொல்ல, அந்துவான் கலான் என்ற பிரெஞ்சுக்காரர் தன் மொழிபெயர்ப்பில் சேர்த்துக்கொண்டவை.

அந்த இரவுகளின் அரபு மூலம் உலகத்தில் முதன்முதலாக அச்சேறிய ஊர் எது? கெய்ரோ இல்லை, பாக்தாத் இல்லை. நம் கல்கத்தா. வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அரபு சொல்லிக்கொடுத்த அகமது அல் ஷிர்வானி என்ற ஏமன் நாட்டு ஆசிரியர் 1814இல் முதல் நூறு இரவுகளையும் 1818இல் அடுத்த நூறையும் இங்கே அச்சிட்டார். கெய்ரோவின் பூலாக் பதிப்பு வந்தது 1835இல். பிறகு 1839 முதல் 1842 வரை நான்கு தொகுதிகளாக இன்னொரு கல்கத்தாப் பதிப்பு. அதற்குப் பொறுப்பேற்ற மக்நாட்டன், வேலை முடியும் முன்பே 1841 டிசம்பரில் காபூலில் கொல்லப்பட்டார். மறுநாள் உயிரோடிருக்க ராவெல்லாம் கதை சொன்னவளின் புத்தகத்துக்கு இப்படி ஒரு பதிப்பாளர்! ரிச்சர்ட் பர்ட்டன் பின்னாளில் ஆங்கிலத்தில் பெயர்த்தது பெரும்பாலும் இந்த நான்கு தொகுதிகளிலிருந்துதான். இவ்வளவையும் மடியில் வைத்துக்கொண்டிருக்கிற ஊரில், அரேபியா என்றதும் நாம் தெர்மாகோல் வாங்கப் போகிறோம்.

காளிகாட்டில் ரமலானா என்று அடுக்ககச் சங்கத்துக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கேட்கட்டும். காளி கோயிலின் இப்போதைய கட்டடம் 1809இல் எழுந்தது. கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் திப்பு சுல்தானின் குடும்பம் இந்தப் பக்கத்துக்கு வந்துசேர்ந்தது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். அதன் பிறகு திப்புவின் பிள்ளைகளை அங்கே வைத்திருப்பது ஆபத்து என்று கம்பெனி அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பியது. டாலிகஞ்ச்சில் அவர்களைக் குடிவைத்தார்கள். காளிகாட் சதீஷ் முகர்ஜி சாலையில் அந்தக் குடும்பத்தின் அடக்கத்தலம் இருக்கிறது. தர்மதலாவில் எல்லாருக்கும் தெரிந்த திப்பு சுல்தான் மசூதியைக் கட்டியவர் அவருடைய மகன் குலாம் முகமது, 1842இல்.

நான் வேலூர்க்காரி. கோட்டை அகழியைச் சுற்றி வளர்ந்தவள். திப்புவின் பிள்ளைகளைக் காவலோடு கொண்டுவந்தார்கள், என்னைக் கல்யாணம் பண்ணிக் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டார்கள். சதீஷ் முகர்ஜி சாலை வழியாகப் போகும்போதெல்லாம் ஊர்க்காரர் வீட்டைத் தாண்டிப் போவதுபோலத்தான் இருக்கும்.

வேலூர் சைதாப்பேட்டையில் சின்ன வயதில் ரமலான் ராத்திரி மூன்று மணிக்கு ஒரு பக்கீர் வருவார். கையில் தாயிரா. அதைத் தட்டிக்கொண்டு, நபிமார் கதை ஒன்றைப் பாட்டாக இழுத்துக்கொண்டே தெருவைக் கடப்பார். சஹர் சாப்பாட்டுக்கு எழுப்ப வருகிறவர். நாங்கள் நோன்பு பிடிக்கிறவர்கள் இல்லை, ஆனாலும் முழிப்பு வந்துவிடும். கதை எங்கள் வாசலில் பாதியில் இருக்கும், மீதி அடுத்த தெருவுக்குப் போய்விடும். மறுநாள் சாயங்காலம் எதிர்வீட்டு நோன்புக் கஞ்சி தூக்குச்சட்டியில் வரும்போது, அந்தக் கதையின் முடிவை அந்த வீட்டு நன்னிம்மாவிடம் கேட்பேன். டமாஸ்கஸில் உமையா மசூதிக்குப் பின்புறம் நவ்ஃபரா காப்பிக்கடையில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து கதை சொல்லிவந்த அபூ ஷாதி பற்றிப் பிற்பாடு படித்தபோது, கதையை முக்கியமான இடத்தில் நிறுத்திவிட்டு மிச்சம் நாளைக்கு என்று அனுப்பிவிடுவது அவர்கள் மரபு என்று தெரிந்தது. எனக்கு அது புதுசாகவே படவில்லை. அபூ ஷாதி 2014இல் இறந்தார்.

கொல்கத்தாவின் முஸ்லிம் பேட்டைகளிலும் சஹருக்கு எழுப்பப் பாடிக்கொண்டு போகிற குழுக்கள் உண்டு. கைபேசியில் அலாரம் வந்த பிறகு அவர்களுக்கு மவுசு குறைந்துவிட்டது. மேதினிபூர்ப் பக்கம் நயா கிராமத்துப் பட்டுவாக்களோ, வரைந்த சுருளை விரித்து ஒவ்வொரு படமாக விரலால் தொட்டுப் பாடுவார்கள். புலிமேல் வரும் காஜி பீர் கதையும் பாடுவார்கள், மனசா தேவி கதையும் பாடுவார்கள். அவர்களில் பலர் முஸ்லிம்கள். அவர்களைக் கூப்பிட ஆகும் செலவு ஒலிபெருக்கி வாடகையைவிட அதிகமாகவா இருக்கும்?

வாத்தியம் கூடுமா கூடாதா என்பதில் முஸ்லிம்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. அதனால் குரலும் ஒரு தப்ஸும் போதும், யாருக்கும் சங்கடம் இராது. கதைக்கு அல் ஷிர்வானி அச்சிட்ட பதிப்பிலேயே சிந்துபாத்தும் இருக்கிறான். மதரசாவில் படித்த யாராவது அரபில் ஒரு பக்கம் வாசிக்கட்டும், அப்புறம் வங்காளத்தில் சொல்லட்டும். புரியாத மொழியைக் கொஞ்ச நேரம் ஓசைக்காகக் கேட்பதில் தப்பில்லை, நாமெல்லாம் தெலுங்குக் கீர்த்தனை கேட்கிறவர்கள்தானே.

சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தராவீஹ் தொழுகை முடிய ஒன்பது ஆகும் என்பதால் நேரம் இரவு ஒன்பதரை என்று போட்டேன். குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, அவ்வளவு நேரம் தாங்காது என்றார் செயலாளர். துர்கா பூஜையில் விடிய விடியச் சுற்றுகிற குழந்தைகள்தான்.

காவல்காரரிடம் கேட்டேன். ஒன்பதரை சரிதான் என்றார். அவருடைய மச்சான் ராஜாபஜாரில் சஹர்க் குழுவோடு பாடப் போகிறவராம். “ஆனால் அவனை நாற்காலியில் உட்காரவைத்தால் பாட்டு வராது, தீதி. நடக்க வேண்டும்” என்றார். மாடியைச் சுற்றி நடக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.