என் ஓட்டு 'பாரனாய்ட்'டுக்கு இல்லை!

பிளாக் சப்பாத்தோட சிறந்த ஆல்பம் எதுன்னு கேட்டா, பாதிப்பேர் கண்ணை மூடிக்கிட்டு 'பாரனாய்ட்' (1970) என்பார்கள். டியோ ரசிகர்கள் 'ஹெவன் அண்ட் ஹெல்' (1980) என்று சண்டைக்கு வருவார்கள். ரெண்டும் அருமைதான், மறுக்கலை. ஆனா என் ஓட்டு 1971-ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'க்குத்தான்.

காரணம், டோனி அயோமியின் விரல்கள். பதினேழு வயசுல தொழிற்சாலை விபத்துல வலது கையில ரெண்டு விரல்நுனி போச்சு. மனுஷன் இடது கைக்காரர். தந்தியை அழுத்துறதே அந்த வலது கைதான்! பிளாஸ்டிக்கை உருக்கித் தானே விரலுறை செஞ்சு வாசிச்சார். இந்த ஆல்பத்துல பல பாட்டுக்குத் தந்தியை மூணு அரைச்சுரம் தளர்த்தினார். விரலுக்கு வலி குறைஞ்சது, ஒலிக்குக் கனம் கூடுச்சு. டூம் மெட்டல்காரங்க இன்னிக்கும் தண்ணி இறைக்கிறது இந்தக் கிணத்துலதான்.

'பாரனாய்ட்' கட்சிக்காரங்க இதை ஒருதடவை ஹெட்ஃபோன்ல முழுசாக் கேளுங்க. அப்புறமா வந்து திட்டுங்க :-)