ஏடு காப்போரை ஆக்குவோர் யார்?

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பரானதை ஆண்டுதோறும் நினைவுகூருகின்றோம். நினைவுகூரத்தான் வேண்டும். ஆயின், நம் வீட்டுப் பெட்டகங்களிற் கறையான் அரித்துக்கொண்டிருக்கும் ஏடுகளுக்கு எவரைக் குற்றவாளியாக்குவது?

1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டம் அரச ஆவணங்களையே பெரிதும் கருதியது. வைத்திய ஏடும் கோயிற் கணக்கும் சனசமூக நிலையக் கூட்டக்குறிப்பும் யார் பொறுப்பு? 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத் திட்டத்தின் பெரும்பணியைக் காட்டி நாம் கைகழுவிவிடுகின்றோம். பொறி படமெடுக்கும், ஒட்டிய ஏட்டைப் பிரிக்கவும், மங்கிய எழுத்துக்கு விளக்குக்கரி தடவவும், எலுமிச்சம்புல் எண்ணெய் பூசவும் பழகிய கை வேண்டும். ஒருநாட் கருத்தரங்கும் சான்றிதழும் அப்பழக்கத்தைத் தாரா. தேர்ந்தவர் அருகில் ஓராண்டேனும் இருந்து பயிலவேண்டும். பயில்வோர்க்குப் படியும், பயின்றபின் பதவியும் வேண்டும்.

பயின்றவரும் கூடத்துள் அமர்ந்திருப்பின் பயனென்ன? ஏடு வைத்திருக்கும் மூதாட்டி பல்கலைக்கழகத்தைத் தேடி வரார். சரசுவதி பூசைக்கு ஏடு வெளிவரும் நாளில் நாமே அவர் வீட்டுக்குச் செல்லவேண்டும். வாங்கிச் செல்வதற்கன்று, அங்கேயே துப்புரவாக்கிப் படமெடுத்து அவர் கையிற் கொடுப்பதற்கு. கொண்டுபோனவர் திருப்பித் தரவில்லை என்னும் முறைப்பாடு எத்தனை வீடுகளில்! (ஆய்வாளராகிய நாமே அக்குற்றத்தில் முதற்பங்காளர்.)

அடுத்த கலைவிழாச் செலவில் ஒரு பங்கை இருவரின் பயிற்சிக்கு ஒதுக்குமாறு சங்கப் பொதுக்கூட்டத்திற் பிரேரிக்கவுள்ளேன். எதிர்ப்போர் காரணத்தோடு வருக.