கண்ணாடியில் தெரியும் வானம்

பெருங்குடிப் பக்கம் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். நிர்வாகப் பிரிவு. தண்ணீர் லாரி, ஏசி பழுது, லிஃப்ட் ஆய்வு, பூச்சி மருந்து எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். வருஷத்துக்கு மூன்று முறை வெளிக்கண்ணாடி துடைக்க ஆள் வைப்பதும் அதில் ஒன்று. ஒரு செப்டம்பர் மாத மதியம்வரை அந்த வேலையைப் பற்றி நான் ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை.

மறுநாள் காலை வெளிநாட்டிலிருந்து விருந்தினர்கள் வருவதாக இருந்தது. கிழக்குப் பக்கக் கண்ணாடியில் பாதி பாக்கி. துடைக்கும் குழுவின் சூப்பர்வைசருக்கு நான்தான் செய்தி அனுப்பினேன்: "இன்னைக்குள்ள முடிச்சிடுவீங்கல்ல?" பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. நான் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மூன்றரை மணி இருக்கும். ஆறாவது மாடிக் கூட்ட அறையில் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் கயிற்றில் இறங்கி வந்தார். நாற்பது வயதிருக்கும். மஞ்சள் ஹெல்மெட், இடுப்பிலும் தொடையிலும் பெல்ட்டு, உட்கார்ந்திருந்த பலகையின் ஓரத்தில் ஒரு வாளி. இடது கையால் சக்‌ஷன் கப்பைக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்திருந்தார். வலது கையால் சோப்புத் தண்ணீரைப் பூசி, வைப்பரை மேலிருந்து வளைத்து வளைத்து இழுத்தார். வைப்பர் போன இடமெல்லாம் பளிச்சென்று ஆயிற்று. அவர் முதுகுக்குப் பின்னால் கடல் பக்கத்து வானம், துளி மேகம் இல்லாத நீலம். முகத்துக்கு நேரே இருந்த கண்ணாடியிலும் அவருக்கு அந்த நீலம்தான் தெரிந்திருக்கும்.

மேற்கே, கட்டடத்துக்குப் பின்னால், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு மேலே வானம் கறுத்துவிட்டிருந்தது. அதை அவர் பார்ப்பதற்கு வழியே இல்லை.

ஜூன் முதல் செப்டம்பர்வரை சென்னைக்கு வரும் இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வரும். பகலெல்லாம் காய்ந்த நிலத்தின்மேல் மேகம் திரண்டு, மாலையில் கடலை நோக்கி நகரும். மழைக்கு முன்னால் காற்று வரும். மேகத்துக்குள்ளிருந்து இறங்கும் குளிர்காற்று தரையில் மோதி நாலாபக்கமும் பரவுகிறது. முதல் துளி விழுவதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே குப்பையையும் புழுதியையும் வாரிக்கொண்டு வருவது அதுதான். தெருவில் போகிறவருக்கு அது இதமான காற்று. மொட்டை மாடியிலிருந்து கயிற்றில் தொங்குகிறவருக்கு அப்படி இல்லை.

அன்று காற்று அவரை நேராக அறையவில்லை. அவர் கட்டடத்தின் மறைவில் இருந்தார். மூலையைச் சுற்றி வந்து பக்கவாட்டில் தூக்கியது. சக்‌ஷன் கப் பிய்த்துக்கொண்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் என் ஜன்னலை விட்டு விலகி, பக்கத்து அறையின் ஜன்னலையும் தாண்டி, கண்ணுக்கே தெரியாமல் போனார். பிறகு திரும்பி வந்தார். வேகமாக வந்தார் என்று சொல்ல முடியாது. அந்த நிதானம்தான் இன்னும் என் வயிற்றைப் பிசைகிறது. ஆறு மாடி இறங்கியவருக்கு மேலே ஏறத்தாழ 25 மீட்டர் கயிறு இருக்கும். அந்த நீளக் கயிற்றில் தொங்கும் எதுவும் ஒருமுறை போய்த் திரும்பப் பத்து விநாடி ஆகும். பள்ளிக்கூடத்தில் நூலில் கல்லைக் கட்டி நாம் செய்த அதே ஊசல் கணக்கு. பத்து விநாடி ஒரு மனிதர் தன் உடம்பின்மேல் எந்தப் பிடியும் இல்லாமல் காத்திருக்கிறார், எந்த இடத்தில் மோதப்போகிறோம் என்று.

இரண்டாவது முறை முழங்கால் தூணில் மோதிய சத்தம் அறைக்குள் கேட்டது. மூன்றாவது முறை காலை நீட்டி உதைத்து நின்றார். கயிற்றைத் தளர்த்தி, யாரும் சொல்லாமலே, நேராகத் தரைக்கு இறங்கிவிட்டார்.

நான் ஓடிப் போனபோது பைக் நிறுத்தும் இடத்தில் திண்டின்மேல் உட்கார்ந்திருந்தார். பேன்ட்டை மடித்து விட்டிருந்தார். கெண்டைக்காலில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. வேறு ஒன்றுமில்லை. மழை இரைச்சலோடு கொட்ட ஆரம்பித்தது.

"அண்ணா, இந்தக் காத்துல எதுக்கு இறங்கினீங்க?"

"எறங்கும்போது காத்து இல்ல மேடம். ஆனா வரும்னு தெரியும். மாடிலயே பாத்துட்டேன், ஏரிப்பக்கம் கோரையெல்லாம் சாயுது."

"தெரிஞ்சுமா?"

"மதியத்தோட நிறுத்தினா அரை நாள்னு போட்டுருவாங்க. அதுவும் இல்லாம, இன்னைக்கு முடிக்கணும்னு ஆபீஸ்ல சொன்னாங்களாமே."

ஆபீஸில் சொன்னது நான். அதை அவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஈரத் துணியால் காலைத் துடைத்துக்கொண்டார்.

ஊர் காசிமேடு. அப்பா கட்டுமரத்தில் போனவர். "அப்பா விடிகாலைல கரையில நின்னு கடலப் பாப்பாரு. வாடை அடிக்குதா, தென்னல் அடிக்குதான்னு பாப்பாரு. வேணாம்னா வேணாம்தான். வீட்ல அரிசி இருக்காது, அது வேற விஷயம். ஆனா போன்னு சொல்ல ஆள் கெடையாது" என்றார்.

அன்றிலிருந்து இந்த வேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். மழையில் கண்ணாடி துடைப்பது வீண் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் தூறலில் துடைத்தாலும் கண்ணாடி சுத்தமாகத்தான் இருக்கும். கறை மழைத்தண்ணீரால் வருவதில்லை, ஏற்கெனவே படிந்திருக்கும் தூசியால் வருவது. இங்கிலாந்தில் வீட்டு ஜன்னல் துடைப்பவர்கள் பலர் தரையில் நின்றபடியே நீண்ட கம்பத்தின் வழியாக உப்பு நீக்கிய தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவுகிறார்கள், மழை நாளிலும்கூட. நம் ஊர் போர்த் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு நிற்கும். அதனால்தான் வெயிலுக்குப் பயந்து காலையில் மேற்குப் பக்கமும், உச்சி சாய்ந்தபின் கிழக்குப் பக்கமுமாக நிழலைத் துரத்திக்கொண்டு வேலை செய்கிறார்கள். அந்தச் செப்டம்பர் மதியம் அவர் கிழக்குப் பக்கம் இருந்ததற்கும் காரணம் இதுதான். கண்ணாடிக்கு நல்ல பக்கம் எதுவோ, மேகத்தைப் பார்க்க முடியாத பக்கமும் அதுவே.

ஆக, துடைப்பவருக்கு மழை பாதிப் பிரச்சினைதான். நைலான் கயிறு நனைந்தால் வலு குறையும், கனக்கும். ஈரக் கண்ணாடியில் கால் நிற்காது. இடி கேட்டுவிட்டால் பேச்சே இல்லை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது விநாடிக்குள் இருந்தால் மேகம் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம், இறங்கிவிட வேண்டும். இவற்றையெல்லாம் காணலாம், கேட்கலாம். காற்று அப்படியில்லை.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி, கட்டடத்துக்கு வெளியே மோட்டாரில் தொங்கும் மேடையைக் காற்று மணிக்கு 25 மைலைத் தாண்டினால் இயக்கக் கூடாது என்கிறது. நம் கணக்கில் 40 கிலோமீட்டர். கடற்படை அதிகாரி பியூஃபோர்ட் 1805-இல் வகுத்த காற்று அளவுகோலைப் பின்னால் நிலத்துக்கும் பொருத்தினார்கள். அதில் 40 என்பது குடையை விரித்துப் பிடிக்கச் சிரமப்படும் காற்று. பெரிய கிளைகள் ஆடும், கம்பிகள் ஊளையிடும். மேடைக்கு எண் சொன்ன அந்த விதி, கயிற்றில் இறங்குகிறவருக்கு எண் சொல்லவில்லை. புயல், சுழன்றடிக்கும் காற்று, அளவு மீறிய காற்று இருந்தால் கயிற்றைப் பயன்படுத்தாதே என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. எது அளவு மீறியது என்று ஒரு மனிதர் முடிவு செய்தாக வேண்டும்.

அந்த மனிதர் யார் என்பதுதான் என் கேள்வி.

செல்போனைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று சூப்பர்வைசர்கள் சொல்வார்கள். வானிலை அறிக்கையின் காற்று வேகம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கு உரியது. உயரம் ஏற ஏறக் காற்றும் ஏறும். இரண்டு கட்டடத்துக்கு நடுவே புகும்போது நெருக்கிக்கொண்டு இன்னும் வேகமெடுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மீனம்பாக்கத்தில் அளந்த எண்ணை வைத்துப் பெருங்குடியின் பன்னிரண்டாவது மாடி மூலையைக் கணிக்க முடியாது. அங்கே நிற்பவரின் தோல்தான் கணிக்கும்.

சீறிவரும் புயலில் முடிவெடுப்பது சுலபம். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் நகரத்தின் மரங்களைச் சாய்த்தபோது யாரும் யாரையும் கயிற்றில் இறங்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். சிக்கல் சாதாரண நாட்களில். பாதி வானம் வெளுத்திருக்கும், காற்று விட்டுவிட்டு வரும், வேலை முக்கால்வாசி முடிந்திருக்கும். 'இன்னும் ரெண்டு இறக்கம்தான்' என்று தோன்றும் நாள். அந்த நாளில் கூலி ஒரு பக்கமாக இழுக்கிறது, உடம்பு இன்னொரு பக்கமாக. இழுப்பில் எப்போதும் கூலிதான் ஜெயிக்கும் என்றால், அதை அவருடைய முடிவு என்று நாம் சொல்வது நேர்மையாகாது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1981-இல் நிறைவேற்றிய 155-ஆவது உடன்படிக்கையில் ஒரு விதி உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தக்க காரணத்தோடு நம்பி வேலையிலிருந்து விலகும் தொழிலாளிக்கு, அதனால் வேண்டாத பின்விளைவு வராமல் காக்க வேண்டும் என்பது அது. அரை நாள் கூலி போவதும் பின்விளைவுதான் என்று நான் நினைக்கிறேன். தினக்கூலிக்காரருக்கு அதைவிடப் பெரிய பின்விளைவு எது?

இது நமக்குப் புரியாத விஷயமும் இல்லை. காற்று மிஞ்சும் என்று தெரிந்தால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறோம். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று வானொலியில் சொல்கிறோம். மீன்பாடு குறைந்த மழை மாதங்களுக்கு அவர்கள் குடும்பத்துக்கு அரசு உதவித்தொகை தருகிறது. மழை பெய்தால் உப்பு விளையாது, உப்பளத்தில் வேலை நின்றுபோகும் என்பதற்காக, அந்தத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர்வரைக்கென 5,000 ரூபாய் நிவாரணம் வந்தது. வானம் ஒருவருடைய பிழைப்பை நிறுத்தினால் அந்தச் சுமையை அவர் தலையில் மட்டும் வைக்கக் கூடாது என்று தமிழ்நாடு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் கொட்டுவது இதே மூன்று மாதங்களில்தான். பழைய மாமல்லபுரம் சாலையில் வரிசையாக நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களில் தொங்குகிறவர்களுக்கு மட்டும் ஏன் எந்தக் கூண்டும் ஏறுவதில்லை? அவர்களில் பாதிப் பேருக்குமேல் இந்த ஊர்க்காரர்களும் இல்லை என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லும் மொழியே கைவராத பையன்கள்.

அடுத்த ஒப்பந்தம் என் கைக்கு வந்தபோது நான் மூன்று வரி சேர்க்கச் சொன்னேன். காற்றாலோ மழையாலோ நிறுத்திய நாளுக்கு வந்திருந்த ஆட்கள் அத்தனை பேருக்கும் முழுக் கூலி, அதை நாங்கள் ஏற்கிறோம். வேலை முடியும் தேதி தள்ளிப்போனால் அபராதம் கிடையாது. கயிற்றில் இறங்குகிறவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்கக் கூடாது. மூன்றாவது வரிக்குத்தான் சண்டை. "இப்படி எழுதினா தினமும் காத்து அடிக்குதும்பாங்க" என்றார் எனக்கு மேலே இருந்தவர். நான் விடவில்லை. ஒரு ஆளின் முழங்கால் தூணில் மோதும் சத்தத்தை நான் கேட்டிருந்தேன், அவர் கேட்கவில்லை. கூடவே இன்னொன்றும் கேட்டு வாங்கினேன்: கிழக்குப் பக்கம் வேலை நடக்கும்போது மொட்டை மாடியின் மேற்கு ஓரத்தில் விசிலோடு ஒருவர் நிற்க வேண்டும். மேகத்தைப் பார்ப்பது மட்டுமே அவருக்கு வேலை.

அதற்குப் பிறகு வந்த பருவத்தில் வேலை நின்ற நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அதில் ஒரு நாள், ஐப்பசி மாதம். மொட்டை மாடிக்குப் போனேன். காசிமேட்டுக்காரர் கைப்பிடிச் சுவரருகே நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை காற்று வடகிழக்கிலிருந்து வந்தது. எனக்கு அது பெரிய காற்றாகவே தோன்றவில்லை, துப்பட்டா லேசாகப் படபடத்தது, அவ்வளவுதான். வாளிகள் நிரம்பி வரிசையாக இருந்தன. இரண்டு பையன்கள் பெல்ட்டை மாட்டி முடித்து, அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றார்கள்.

"வேணாம் மேடம்" என்றார்.

ஏன் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. பையன்கள் பெல்ட்டைக் கழற்றினார்கள். ஒருவன் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான். நான் கீழே போய் வருகைப் பதிவேட்டை எடுத்து, நான்கு பெயர்களுக்கு எதிரேயும் முழு நாள் என்று எழுதினேன்.